அனுப்புகிறவரின் பக்கம்: அறிபுனை ஆட்டங்களும் பினாங்கின் உளவுப் பள்ளியும்

அறிவியல் புனைவு ஆர்பிஜி ஆட்டங்களுக்கென்று வெளிவரும் உளவுத் துணைநூல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அவற்றின் அடுக்குமுறை மனப்பாடமாகியிருக்கும். முதலில் உளவாளிப் பாத்திரத்தை உருவாக்கும் விதிகள் வரும். அடுத்து மாறுவேடம், கள்ளப் பத்திரம், லஞ்சம், பூட்டுத் திறப்பு ஆகிய திறமைகளுக்கான எண்கள். அதன்பின் பக்கம் பக்கமாகக் கருவிப் பட்டியல்: கண்ணுக்குள் பொருத்தும் கேமரா, குரலை மாற்றும் பட்டை, பொத்தானுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி. உளவாளியை அனுப்புகிற அமைப்பு எது, அதற்குள் யார் யாருக்குப் பகை, அது அவனிடம் மறைப்பது என்ன என்பவை பெரும்பாலும் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டிருக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. அதற்கான சான்று நான் வாழும் பினாங்குத் தீவிலேயே இருக்கிறது.

இந்த ஆட்டங்களை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் நடத்துநர், உலகத்தையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், ஒரு தாள், சில பகடைகள். என்ன செய்யப்போகிறோம் என்பதை ஆட்டக்காரர் வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதில் ஐயம் இருந்தால் பகடை தீர்மானிக்கும். 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையைத் தொடங்கிவைத்தது. மூன்றே ஆண்டில், 1977இல், மார்க் மில்லரின் ‘டிராவலர்’ அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. மூல நூல் பொது விதிகளைத் தரும். துணைநூல் ஒரு துறையை மட்டும் எடுத்து விரிக்கும்.

உளவு இந்தத் துறைகளில் விரைவாகவே இடம்பிடித்தது. 1980இல் மெர்ல் ராஸ்முசனின் ‘டாப் சீக்ரெட்’, 1983இல் ‘ஜேம்ஸ் பாண்ட் 007’ என்று தனி ஆட்டங்களே வந்தன. விண்வெளிப் பக்கத்தில், ‘ஸ்டார் டிரெக்’ ஆட்டத்துக்கு ஃபாசா நிறுவனம் 1987இல் ‘ஸ்டார் ஃப்ளீட் இன்டெலிஜென்ஸ் மேனுவல்’ வெளியிட்டது. பிற்காலத்தில் மங்கூஸ் நிறுவனம் டிராவலருக்கு ‘ஏஜென்ட்’ என்ற நூலைக் கொண்டுவந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தின் உளவாளிகளுக்காக 2018இல் ‘சைஃபர்ஸ் அண்ட் மாஸ்க்ஸ்’ வந்தது. ஏராளமான உழைப்பும் அழகான ஓவியங்களும் கொண்ட நூல்கள் இவை. அவற்றின் தரத்தில் எனக்குக் குறையில்லை. உளவுத் தொழிலின் நடுப்புள்ளியை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறேன்.

டிராவலர் உலகத்தில் ஒளியை மிஞ்சும் வானொலி கிடையாது. கப்பல் ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அந்த வாரம் முழுவதும் அது யாருடனும் பேச முடியாது. கடிதமும் கட்டளையும் போர் மூண்ட செய்தியும் கப்பலேறித்தான் போக வேண்டும். தலைநகரம் போட்ட உத்தரவு எல்லைக்கு வந்து சேரும்போது உலகமே மாறியிருக்கலாம். செயற்கைக்கோள் காலத்து பாண்ட் கதைகளைவிட, நீர்மூழ்கியில் ஏறிப்போன 1942ஆம் ஆண்டு உளவாளிக்கு இந்த விண்வெளி விதி அதிகம் பொருந்துகிறது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு வீசின. சில நாளில் பிரிட்டிஷார் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, ஆசியர்களை அப்படியே விட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினார்கள். ஊர்க் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. துறைமுகம் நீர்மூழ்கித் தளமானது.

ஜப்பானிய இராணுவத்தின் உளவுப் பிரிவு, மேஜர் புஜிவாரா இவாய்ச்சியின் தலைமையில், மலாயா இந்தியரிடையே ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. 1942இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் கர்னல் இவாகுரோ ஹிதேயோ. ஜப்பானின் இரகசியப் பயிற்சிக்கூடமான நாக்கானோ பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். இந்தியர் தரப்பில், இந்திய சுதந்திர லீக்கின் மலாயா தலைவராக இருந்தவர் பினாங்கின் வழக்கறிஞர் என். ராகவன். அந்த ஆண்டு பினாங்கில் சுவராஜ் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. தாயகத்துக்குள் சென்று விடுதலைக்கு வேலை செய்யக்கூடிய இளைஞர்களைத் தயார்செய்வதே அதன் நோக்கம் என்று ராகவன் தரப்பு எண்ணியது. இவாகுரோ தரப்புக்கு வேண்டியிருந்தது வேறு. இந்தியக் கரையில் தனக்குத் தகவல் தரும் கண்களும் காதுகளும் அதற்குத் தேவைப்பட்டன.

செப்டம்பரில் பயிற்சி பெற்றவர்களில் சிலர் பினாங்கிலிருந்து நீர்மூழ்கியில் ஏற்றப்பட்டார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அம்மாதக் கடைசியில் மலபார்க் கரையில் தானூரில் இறங்கியது. அதில் இருந்தவர் திருவிதாங்கூரின் வக்கம் ஊரைச் சேர்ந்த அப்துல் காதர். 1917இல் பிறந்தவர், 1938இல் பிழைப்புக்காக மலாயா வந்தவர். இன்னொரு குழு குஜராத்தின் கத்தியவார்க் கரையில் இறங்கியது. தரை வழியாகப் பர்மா எல்லை தாண்டிப் போனவர்களும் உண்டு. பெரும்பாலோர் வேலையைத் தொடங்கும் முன்பே பிடிபட்டார்கள். தானூரில் ஊர்க்காரர்களே சந்தேகப்பட்டார்கள். விஷயம் போலீசுக்குப் போய்விட்டது.

இதை டிராவலரின் இன்றைய விதிப்படி ஆடிப்பார்ப்போம். சாதாரணச் சோதனைக்கு இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை 8 அல்லது மேலே வர வேண்டும். வெறும் பகடையில் அது வரும் வாய்ப்பு 36இல் 15, அதாவது நூற்றுக்கு 42 அளவு. சம்பந்தப்பட்ட திறமையே இல்லாதவர் மூன்றைக் கழிக்க வேண்டும். வாய்ப்பு 36இல் மூன்றாகச் சுருங்கிவிடும். சில வாரப் பயிற்சிக்கு நாம் தாராளமாகத் திறமை 1 கொடுப்போம், நூற்றுக்கு 58. கரையேறுவது ஒரு சோதனை, ஊரைத் தாண்டுவது ஒன்று, தொடர்பாளரைச் சேர்வது ஒன்று என்று வைத்தால் மூன்றிலும் தேறுகிற வாய்ப்பு நூற்றுக்கு 20ஆகக் குறைகிறது. திறமை 2 உள்ள கைதேர்ந்த ஆளுக்கே மூன்றையும் தாண்ட நூற்றுக்கு 38தான்.

ஆனால் தானூரில் இறங்கியது ஒருவர் இல்லையே. ஐந்து பேரில் ஒருவர் ஊரார் கண்ணில் பட்டாலும் ஐவரும் மாட்டுவார்கள். ஆளுக்குத் திறமை 1 என்று வைத்து, கரையேறும் ஒரே ஒரு சோதனையில் ஐவரும் தப்புகிற வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 7. அதற்கு மேல் ஊரும் பாதையும் காத்திருக்கின்றன.

மேசை ஆட்டத்துக்கும் உளவுத் தொழிலுக்கும் இடையே உள்ள அடிப்படைப் பூசல் இங்கே வெளிப்படுகிறது. ஆட்டம் நன்றாகப் போக வேண்டுமானால் எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே காட்சியில் இருக்க வேண்டும். உளவுத் தொழிலோ ஆட்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறது. துணைநூல்கள் இந்தப் பூசலைச் சலுகை விதிகளால் மெழுகிவிடுகின்றன: குழுவில் திறமைசாலி ஒருவர் உருட்டினால் போதும், தோழர் உதவினால் கூட்டல் எண், அதிர்ஷ்டப் புள்ளி செலவழித்தால் மறு உருட்டல். ‘ஸ்கம் அண்ட் வில்லனி’ போன்ற அண்மைக்கால ஆட்டங்கள் ஒரு படி மேலே போய், சிக்கிக்கொண்ட பிறகு “இதற்கு நான் முன்பே ஏற்பாடு செய்துவிட்டேன்” என்று பின்னோக்கிச் சொல்லவும் அனுமதிக்கின்றன. ஆட்டமாக அது அருமையான உத்தி. தானூரில் அப்படி முன்னேற்பாடு செய்துவைக்க அங்கே யாரும் இல்லை.

யாரும் இல்லாததற்குக் காரணமும் உண்டு. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது; மறுநாள் விடியும்போது காங்கிரஸ் தலைமை சிறையில். போலீசும் கிராம அதிகாரிகளும் விழிப்பின் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்நியனைக் கண்டால் தகவல் சொல்வது அப்போது வழக்கமாகிப் போயிருந்தது. கரைக்கு வந்தவர்களோ பல நாள் கடலுக்கடியில் இருந்தவர்கள். தாங்கள் விட்டுப் பல ஆண்டுகள் ஆன ஊரைப் பற்றிய நினைவையும், பினாங்கில் எட்டிய அரைகுறைச் செய்திகளையும் வைத்துக்கொண்டு இறங்கியவர்கள். டிராவலரின் ஒரு வாரத் தாவலை இதற்கு நிகராக வைக்கலாம். அந்த ஆட்டத்துக்கு எழுதப்படும் உளவுத் துணைநூல் ஒவ்வொன்றிலும் ‘பழைய செய்தி’ என்று ஓர் அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கருவிப் பட்டியலே நீள்கிறது.

அனுப்பியவர்கள் பக்கம் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. தம் மாணவர்களைத் தமக்குத் தெரியாமலே நீர்மூழ்கியில் ஏற்றிவிட்டார்கள் என்பதை அறிந்த ராகவன், எதிர்ப்புத் தெரிவித்து இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார். ஜப்பானியர் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் முதல் இந்திய தேசிய இராணுவத்தின் தலைவர் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் இடையிலான பிளவு முற்றி, அவர் கைதானார். அந்த இராணுவம் கலைந்தது. ஆக, காதரும் தோழர்களும் இந்தியச் சிறையில் விசாரணையை எதிர்கொண்டிருந்தபோது, பினாங்கில் அவர்களுக்குப் பாடம் நடத்திய அமைப்பே இல்லாமல் போயிருந்தது. அனுப்பியவர்கள் இரண்டு பேர், இரண்டு நோக்கம், உயிரைக் கொடுத்தவர்களிடம் இரண்டில் எதையும் முழுதாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் அதை ஒற்றனின் இலக்கணமாகவே படிக்கிறோம். ஆனால் அதன் பத்துக் குறளில் பெரும்பாலானவை அரசனை நோக்கிப் பேசுகின்றன. ஒருவன் கொண்டுவந்த தகவலை இன்னொருவனைக் கொண்டு சோதிக்க வேண்டும்; ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும்; மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும்; ஒற்றனை ஊரறியச் சிறப்பிக்கக் கூடாது. வேடமும் அஞ்சாமையும் இடையில் சில குறள்களில் வந்துபோகின்றன. எஞ்சியதெல்லாம் ஆள்பவனின் வேலை. ஐந்து பேரை ஒரே ரப்பர் படகில் ஒன்றாக இறக்கிய நாக்கானோ வல்லுநர்களைவிட வள்ளுவருக்கு இந்தத் தொழில் நன்றாகத் தெரிந்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அனுப்புகிறவரை நடுவில் வைத்த ஆட்டங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை உளவுத் துணைநூல் என்ற முத்திரையோடு வந்தவை அல்ல. 1984இல் வந்த ‘பாரனோயா’ இதில் தலைசிறந்தது. பாதாள நகரத்தை ஒரு கணினி ஆள்கிறது. துரோகிகளைப் பிடிக்க அது ஆட்டக்காரர்களை அனுப்புகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் இரகசியச் சங்கத்தில் உறுப்பினர், பிறவியிலேயே மரபு பிறழ்ந்தவர். இரண்டுமே துரோகக் குற்றம். செத்தால் அடுத்த நகல் வந்து இறங்கும். ஆளுக்கு ஆறு உயிர். சிரிக்கச் சிரிக்க ஆடும் ஆட்டம்தான். ஆனாலும், கட்டளை இடுபவரே முதல் ஆபத்து என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு ஆட்டம் எனக்குத் தெரியாது. 1989இல் வந்த ‘ஷேடோரன்’ ஆட்டத்தில் வேலை கொடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே பொய்ப்பெயர், மிஸ்டர் ஜான்சன். அவர் எந்த நிறுவனத்தின் ஆள், கடைசியில் பணம் தருவாரா, ஆளை விற்பாரா என்பது கதையின் பாதி. கென்னத் ஹைட்டின் ‘நைட்ஸ் பிளாக் ஏஜென்ட்ஸ்’ 2012இல் வந்தது. எதிரி அமைப்பை ஒரு கோபுரப் படமாக வரைந்து, எந்தத் தட்டில் யார், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று நடத்துநர் முதலிலேயே எழுதிவைக்கச் சொல்கிறது. அந்தப் படத்தை எதிரிக்கு வரைவது போலவே சொந்தத் தலைமைக்கும் வரைந்தால், பினாங்கு 1942 அப்படியே வந்துவிடும்: ஒரு தட்டில் இவாகுரோ, பக்கத்தில் ராகவன், நடுவில் அறுந்த கோடு, கீழே ஐந்து பெயர்.

பினாங்குத் துறைமுகத்தில் இன்னும் பல கதைகளுக்குச் சரக்கு இருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடிகாலையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இங்கே நுழைந்தபோது, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுவதற்காக நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி பொருத்தியிருந்தது. சுடும் தறுவாயில்தான் சொந்தக் கொடி ஏறியது. ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் மூழ்கியபோது அதன் தலைவர் கரையில் இருந்தார். அடுத்த போரில், 1943 ஏப்ரல் தொடக்கத்தில் ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இங்கிருந்து புறப்பட்டு, அம்மாத இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் யு-180 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியைச் சந்தித்து, சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டது. விண்கலம் விட்டு விண்கலம் ஆள் மாற்றும் காட்சியை எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டியதில்லை.

பினாங்குக்கு வந்த வேறு சில நீர்மூழ்கிகளின் முடிவும் உளவைப் பற்றியதுதான். 1943 நவம்பர் 13 அன்று ஐ-34, பினாங்கை நெருங்கும் நேரத்தில், காத்திருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாரஸின் குண்டுக்கு இரையானது. 1944 செப்டம்பர் 23 அன்று, 31 டன் பாதரசத்தோடு ஐரோப்பாவிலிருந்து வந்த யு-859 இதே கடலில் மூழ்கியது. எதிரியின் கம்பியில்லாத் தந்திகளை இரவும் பகலும் கேட்டு, சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் கொழும்பில் எச்எம்எஸ் ஆண்டர்சன் என்ற நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐ-34இன் வழி இப்படித்தான் வெளிப்பட்டது. வேடம் போட்டு எந்தக் கரையிலும் இறங்காத குமாஸ்தா வேலை அது. துணைநூல்கள் இந்த வேலைக்கு ‘மின்னணு’ என்று ஒரு திறமை எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலில் உண்மையில் கப்பல்களை மூழ்கடித்த உளவு இதுதான்.

இத்தகைய நூல்கள் ஆபத்தானவையா என்று கேட்பவர்களுக்காக ஒரு வழக்கு. 1990 மார்ச் 1 அன்று, டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்துக்குள் அமெரிக்க இரகசியச் சேவை அதிகாரிகள் புகுந்து கணினிகளை அள்ளிச் சென்றார்கள். தேடியது அங்கே வேலை பார்த்த ஒருவர் தொடர்பான தொலைபேசி நிறுவன ஆவணத்தை. கைப்பற்றியதில் அவர் எழுதிக்கொண்டிருந்த ‘கர்ப்ஸ் சைபர்பங்க்’ துணைநூலின் வரைவும் இருந்தது. அதைக் கணினிக் குற்றத்துக்கான கையேடு என்றே ஓர் அதிகாரி சொன்னாராம். 1993இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்து, 50,000 டாலருக்கு மேல் இழப்பீடும் வழக்குச் செலவுக்கு 2,50,000 டாலரும் கொடுக்கச் சொன்னது. அட்டையில் இரகசியச் சேவை பறிமுதல் செய்த நூல் என்று அச்சிட்டே அதை விற்றார்கள். ஓர் ஆட்ட நூலைக் கண்டுகூட அரசு அமைப்பு எவ்வளவு பதறும் என்பதற்கு இது நல்ல சான்று.

காதரும் தோழர்களும் எதிர்கொண்ட சென்னை வழக்குக்கு அப்படி ஒரு சிரிப்பு முடிவு இல்லை. சிறைக்குள்ளேயே கூடிய தனி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 1943 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, ஐவருக்குத் தூக்கு. ஒருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. செப்டம்பர் 10 அன்று வக்கம் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் நால்வரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராகவன் போருக்குப் பின் இந்தியத் தூதரானார். 1954இல் பெய்ஜிங்கில் பஞ்சசீல ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர் அவரே.

தென்கிழக்காசிய மண்ணிலிருந்து ஆர்பிஜி எழுத முடியும் என்பதை மலேசிய எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவோவும் ‘ஏ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்’ சிறுநூல்களில் காட்டியிருக்கிறார்கள். அவை மாயப் புனைவு. அறிபுனைப் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கிறது. பினாங்கை ஒரு கோளாகவும், மலபாரை எதிரிக் கோளாகவும், நீர்மூழ்கியை ஒரு வாரத் தாவலாகவும் மாற்றித் தமிழில் ஓர் உளவுத் துணைநூல் எழுத யாராவது முன்வந்தால் அவர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. அனுப்புகிறவர்களின் அட்டவணையை முதல் அத்தியாயத்தில் வையுங்கள். கரையோர ஊருக்கும் அதன் மீனவருக்கும் முழு அத்தியாயம் கொடுங்கள். அவர்கள் வெறும் தடைகளாக இருக்க வேண்டாம். ஒட்டுக்கேட்கும் குமாஸ்தாவையும் ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய பாத்திரமாக்குங்கள். கருவிப் பட்டியல் கடைசியில் வரட்டும், இரண்டு பக்கம் போதும். தூக்கில் ஏறிய அந்த நால்வரின் பெயரை மட்டும் எந்தப் பாத்திரத் தாளிலும் எழுதாதீர்கள்.